சோளம் திரும்பி வரும்

கூமாப்பட்டியில் யாராவது ‘அந்தக் காலத்துல’ என்று பேச்சை ஆரம்பித்தால், எந்தக் காலம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. கல்லூரிப் பையன் சொன்னால் அது 2025 ஜூனுக்கு முன்பு. உள்ளூர் இளைஞர் ஒருவர் தண்ணீரைக் காட்டி ஊரையே வரச்சொல்லிக் கூப்பிட்ட ரீல் பரவுவதற்கு முன்பு. எழுபதைத் தாண்டியவர் சொன்னால் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு அணைகள் வருவதற்கு முன்பு. அவர் சின்னப் பையனாக இருந்தபோது மேட்டுக்காட்டில் சோளமும் கம்பும்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். இப்போது வத்திராயிருப்பிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் வரை நெல், தென்னை, மா.

மலைக்கும் ஓர் ‘அந்தக் காலம்’ இருக்கிறது. அதைக் கேட்க ஆள் வருவதில்லை.

ஓடையில் கிடக்கும் கருங்கல் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தால், புது முகம் எண்ணெய் தடவியது போல லேசான பச்சை கலந்த கறுப்பில் மினுங்கும். சார்னோக்கைட் என்று இதற்குப் பெயர். கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல் போனது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் அதே கல்லை ஆராய்ந்த ஹாலண்டு என்ற நிலவியலாளர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சார்னாக் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். நம் ஊர்ப் பாறைக்கு வங்காளத்துக் கல்லறையிலிருந்து பெயர் வந்தது எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

மதுரை வட்டாரத்துப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தரைக்குக் கீழே இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 800, 900 டிகிரி வெப்பத்தில் வெந்தவை. கண்டங்கள் மோதி கோண்டுவானா என்ற பெருநிலம் ஒட்டிக்கொண்ட நேரம் அது. அப்போது தரையில் ஒரு புல் கிடையாது, ஒரு பூச்சி கிடையாது. கடலில் மட்டும் மெத்தென்ற உடம்போடு சில விலங்குகள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. அன்று அடியில் வெந்துகொண்டிருந்த கல்தான் இன்று நாம் துணி துவைக்கும் கல். அதற்கு மேலே இருந்த இருபது கிலோமீட்டரும் எங்கே போயிற்று? மழை தின்றது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதற்கும் முன்னே, உயிரே இல்லாத உலகில் உயிர் எப்படி வந்தது? வெந்நீர் ரசம் போலிருந்த பழைய கடலில் என்று 1929இல் எழுதினார் உயிரியலாளர் ஹால்டேன். பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து 1964இல் புவனேசுவரத்தில் இறந்தவர். 1953இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் கண்ணாடிக் குடுவைக்குள் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவியை அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாட்களில் அமினோ அமிலங்கள் கிடைத்தன. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் சிரில் பொன்னம்பெருமா. இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். வேதியியல் பக்கம் திரும்பி நாசாவுக்குப் போனார். 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்களைக் கண்டுபிடித்தவர்களில் அவர் முக்கியமானவர். உயிரின் செங்கல் வானத்திலிருந்தும் விழுந்திருக்கலாம். செங்கல் எப்படி வீடாயிற்று என்பதற்கு மட்டும் இன்னும் யாரிடமும் விடை இல்லை.

இந்த மலையில் அந்த நீண்ட கதையின் ஒரு சாட்சி உயிரோடு இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் எல்லோருக்கும் நரை அணில் தெரியும். 1988இல் அதற்காகவே சரணாலயம் அறிவித்தார்கள், 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். நான் சொல்வது தவளை. 2017இல் இந்தச் சரணாலயத்திலிருந்து புது இனமாக அறிவிக்கப்பட்டது. 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது இறந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக, பூபதி ஊதாத் தவளை என்று பெயர் வைத்தார்கள்.

பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன். ஊதிய பலூனுக்குக் குட்டிக் கால்கள் முளைத்தாற்போல் உடம்பு, பன்றி மூக்கு, கடுகு போலக் கண். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடந்து கறையான் தின்கிறது. மழைக்கு மட்டும், சில நாட்கள், இணை தேடி மேலே வரும். அதன் தலைப்பிரட்டைகள் வாயையே உறிஞ்சியாக்கி, ஓடுகிற ஓடையில் வழுவழுப்பான பாறையைக் கவ்விக்கொண்டு வளர்கின்றன. நம் சார்னோக்கைட்டைத்தான். 2003இல் கேரளப் பக்கத்தில் இதன் சகோதர இனத்தை ஆய்வாளர்கள் பிஜுவும் பொசைட்டும் அறிவித்தபோது, அதன் நெருங்கிய சொந்தம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு நடுவே, செஷல்ஸ் தீவுகளில்! தவளைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. நீந்திப் போயிருக்க முடியாது. நிலம்தான் பிரிந்தது. இரு குடும்பங்களும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பாகம் பிரித்துக்கொண்டவை; பிறகு இந்தியா தனியே வடக்கு நோக்கி மிதந்தபோது ஒன்று இந்தக் கரையோடு வந்தது, மற்றொன்று அங்கேயே தங்கிவிட்டது. டைனோசர்கள் அழிந்தது இதற்கு மண்ணுக்கடியில் கேட்ட ஒரு சத்தமாக மட்டும் இருந்திருக்கும்.

இனி வரப்போகும் காலத்துக்கு வருவோம். அதைப் பார்க்க எனக்கு ஓர் எலுமிச்சம்பழம் உதவியது.

ஊருக்குக் கிழக்கே தெரிந்த அண்ணாச்சி ஒருவர், போர் போட்டு இரண்டு முறை ஏமாந்தபின், பிடிவாதமாகக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். மேட்டில் கொட்டிய மண்ணில் செம்மண், சரளை, அதற்குள் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான். பழைய நாளில் இதைக் காளவாசலில் சுட்டுத்தான் வீட்டுக்குச் சுண்ணாம்பு. ஒரு சுக்கான் கட்டியை எடுத்து, அவர் மரத்து எலுமிச்சையை அதில் பிழிந்தேன். சோடா போல நுரைத்தது.

அந்த நுரைதான் கார்பன் டை ஆக்சைடு. மழைத்துளி விழும்போதே காற்றிலிருந்து அதைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்த லேசான புளிப்பு மலைப்பாறையை அரிக்கிறது. பாறையிலிருந்து சுண்ணச்சத்து பிரிகிறது. வாயுவும் சுண்ணமும் சேர்ந்து கொஞ்சம் வழியிலேயே சுக்கானாக உறைகிறது. மிச்சம் அர்ச்சுனா ஆற்றில் இறங்கி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலந்து, மன்னார் வளைகுடாவில் சிப்பியாகவும் சங்காகவும் ஆகிறது. மலை கரையக் கரைய, காற்றிலுள்ள கார்பன் கல்லாகிக் கீழே போகிறது. எரிமலைகள் அதைத் திருப்பித் தருவதால் கணக்கு ஏறக்குறையச் சரியாகிறது.

ஆனால் சூரியன் சும்மா இருப்பதில்லை. நூறு கோடி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் வீதம் அதன் ஒளி கூடுகிறது. வெப்பம் கூடினால் பாறை வேகமாக அரியும், காற்றில் கார்பன் குறையும், பயிருக்குச் சாப்பாடு போய்விடும். உலகம் வெந்து சாவதற்கு முன்னால் பயிர்கள் பட்டினியால் சாகும் என்று 1982இல் விஞ்ஞானிகள் லவ்லாக்கும் விட்ஃபீல்டும் எழுதினார்கள். பத்துக் கோடி ஆண்டுதான் என்றார்கள். 1992இல் கால்டெய்ராவும் காஸ்டிங்கும் கணக்கைத் திருத்தி 90 கோடிக்குத் தள்ளிவைத்தார்கள். காற்றில் ஆக்சிஜன் இன்னும் சுமார் 108 கோடி ஆண்டு தாங்கும் என்பது 2021இல் ஒசாகியும் ரைன்ஹார்டும் போட்ட கணக்கு. (பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது சுமார் 454 கோடி என்று உடனே வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். சதுரகிரிக்குப் போகும் நண்பர் ஒருவர் ஏற்கெனவே போட்டுவிட்டார்.)

இதில் எல்லாப் பயிரும் ஒரே நாளில் போகாது. நெல், தென்னை, மா எல்லாம் கார்பனைத் தாராளமாகச் செலவழிக்கும் பழைய பாணிப் பயிர்கள். அவை முதலில் வாடும். சோளம், கம்பு, கரும்பு, மக்காச்சோளம் ஆகியவற்றின் இலைக்குள் கார்பனைச் சேர்த்துவைக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. காற்றில் கொஞ்சமே இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அணை வந்து சோளத்தை விரட்டியது; சூரியன் அதைத் திருப்பிக் கொண்டுவரும், கடைசிப் பந்திக்கு. அதை அறுக்க அப்போது யார் இருப்பார் என்று தெரியாது. இருபத்தைந்து கோடி ஆண்டில் கண்டங்கள் மறுபடி ஒட்டி ஒரே நிலமாகும் என்கிறார்கள். மலையே அப்போது இங்கே இருக்காது.

இன்றைய சிக்கல் நேர் எதிரானது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. மழை கோடி வருடமாகக் கல்லாக்கிப் புதைத்ததை நாம் சிமென்டுக்காகச் சுட்டுத் திருப்பி அனுப்புகிறோம், நிலக்கரியையும் எரிக்கிறோம். மலை அதை மெல்ல மறுபடி இழுத்துக்கொள்ளும், லட்சக்கணக்கான ஆண்டுகளில். தவளையால் அவ்வளவு பொறுக்க முடியுமோ என்னவோ. மழை தவறினால் அதற்கு ஒரு வருடம் போயிற்று.

இதையெல்லாம் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். பிழிந்த எலுமிச்சைத் தோலைக் கையில் உருட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டார். கீழே கிரேன் ஒரு தொட்டி கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தது.

“நூறு கோடி வருசமா தம்பி?” என்றார். “அதுக்குள்ள இதுல தண்ணி வந்துருமா?”