பாதரசமும் பறவையின் இல்லறமும்

துணையைப் பிரிந்த அன்றில் உயிர் தரியாது என்பது நம் புலவர் கொள்கை. அந்த அன்றில், வளைந்த மூக்குடைய அரிவாள் மூக்கன் ஜாதியைச் சேர்ந்தது என்று சிலர் கருதுகிறார்கள். எப்படியாயினும், அந்த ஜாதிப் பறவை ஒன்றின் இல்வாழ்க்கையைப் பாதரசம் குலைத்த வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தின் தென்கோடியில் எவர்கிளேட்ஸ் என்ற பெருஞ் சதுப்பு நிலம் இருக்கிறது. குப்பையையும் ஆஸ்பத்திரிக் கழிவையும் எரித்த உலைகளின் புகையிலிருந்த பாதரசம், மழையோடு அதில் இறங்கியது. சேற்றிலுள்ள நுண்கிருமிகள் அதனை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய பொருளாக மாற்றுகின்றன. பூச்சியை மீன் தின்ன, மீனைப் பறவை தின்ன, படிக்குப் படி விஷம் திரள்கிறது.

புளோரிடா ஸர்வகலாசாலையின் பீட்டர் பிரெடரிக்கும், இலங்கையைச் சேர்ந்த நில்மினி ஜயசேனாவும் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். 2005-ஆம் வருஷம் 160 வெள்ளை அரிவாள் மூக்கன் குஞ்சுகளைக் கொணர்ந்து, பெரிய வலைக் கூண்டில் நான்கு கூட்டமாக வளர்த்தார்கள். ஒரு கூட்டத்திற்குச் சுத்தமான உணவு. மற்ற மூன்றுக்கும், குஞ்சுகள் 90 நாள் வயதை எட்டியதும், பத்து லட்சம் பங்கு உணவில் முறையே 0.05, 0.1, 0.3 பங்கு மெத்தில் பாதரசம். எவ்வளவு சொற்பம்! சதுப்பு நிலத்துப் பறவைக்கு அன்றாடம் கிடைக்கக்கூடிய அளவுதான் இது. பறவையைக் கொல்லும் அளவன்று.

கேடு வேறிடத்தில் விளைந்தது. ஹார்மோன்கள் ரத்தத்தில் ஓடும் தூதர்கள். துணை தேடுவதற்கும் கூடு கட்டுவதற்கும் உரிய பருவத்தை உடலுக்கு அறிவிப்பவை அவையே. விஷம் உண்டு வளர்ந்த ஆண் பறவைகளிடம் ஆண்மை ஹார்மோன், பெண்மை ஹார்மோன் இரண்டின் ஏற்றத்தாழ்வும் பிறழ்ந்திருந்தது. பெண்ணின் முன் தலை வணங்கும் காதற் சேஷ்டைகள் குறைந்தன. பெண் பறவைகளும் அவற்றை அதிகம் நாடவில்லை. ஆணோடு ஆண் ஜோடி சேர்ந்து கூடு கட்டின. விஷம் ஏற ஏற இத்தகைய ஜோடிகளும் பெருகின. ஒரு கட்டத்தில் ஆண்களில் 55 சதவீதம் வரை இவ்வாறிருந்தன. அக்கூடுகளில் முட்டை ஏது? (பறவைகளில் ஆண் ஜோடி இயற்கையாகவும் உண்டு. இதைக் கொண்டு மனிதரைப் பற்றி முடிவு கட்டுவது அறிவீனம்.) 2006 முதல் 2008 வரை மூன்று இனப்பெருக்கப் பருவங்களைக் கவனித்த பின், 2010-இல் முடிவு வெளியாயிற்று.

செத்த பறவைகளை எண்ணிக் கணக்கெடுப்பவர் கண்ணுக்கு இந்த நஷ்டம் அகப்படாது. பறவைகள் பறக்கின்றன, மேய்கின்றன. குஞ்சுகள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன.

புளோரிடாவில் 1990-களில் உலைப் புகைக்குக் கட்டுப்பாடு வந்தது. அதன் பின் எவர்கிளேட்ஸ் பறவைக் குஞ்சுகளின் இறகில் பாதரசம் வெகுவாகக் குறைந்துவிட்டது.