என்ஜினீயரிங் சீட்டு கிடைச்சாச்சு. கம்ப்யூட்டர் எது வாங்குறது? நகையை அடகு வைக்கும் முன் படியுங்கள்!

செங்கல்பட்டு,–

கவுன்சிலிங் முடிந்தது. சீட்டும் கிடைத்தது. அடுத்த தலைவலி ஆரம்பம்!

"அப்பா, லேப்டாப் வேணும்!"

ஜூலை, ஆகஸ்டு வந்தால் செங்கல்பட்டு மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கேட்கிற குரல் இது. காட்டாங்கொளத்தூர், வண்டலூர், படூர், களவாக்கம் என்று ஜி.எஸ்.டி. ரோட்டிலும் பழைய மாமல்லபுரம் ரோட்டிலும் வரிசையாக என்ஜினீயரிங் கல்லூரிகள். பீஸ் கட்டி முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. அதற்கு மேல் இது ஒரு செலவு.

மாமல்லபுரத்தில் உளி பிடிக்கிற அப்பாவுக்கும், கோவளத்தில் வலை இழுக்கிற அப்பாவுக்கும், செங்கல்பட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிற அப்பாவுக்கும் சந்தேகம் ஒன்றுதான். "எண்பதாயிரம் சொல்றாங்களே, அவ்வளவு தேவையா?"

தேவையா, இல்லையா? பார்ப்போம்.

அவசரம் வேண்டாம்

கல்லூரி திறக்கும் முன்பே வாங்கிவிடுவது பலர் செய்கிற தப்பு. முதல் ஆண்டில் பெரும்பாலும் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, ஆரம்ப புரோகிராமிங். இதற்கு சாதாரண கம்ப்யூட்டரே தாராளம். கல்லூரி லேப் வேறு இருக்கிறது. ஒரு மாதம் பொறுத்து, அதே பிரிவில் படிக்கிற சீனியர் மாணவர்களிடம் "என்ன சாப்ட்வேர் போடச் சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் முதலில் கல்லூரி ஆபீசில் விசாரியுங்கள். தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ந்தேதி தொடங்கியது. இடையில் நின்றுபோனது. பிறகு 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவ-மாணவிகள் 20 லட்சம் பேருக்கு 2 ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லட் என்று அறிவிக்கப்பட்டது. கையில் வரப்போவதை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடலாமா?

எந்தப் பிரிவு? அதுதான் கேள்வி!

கடைக்காரர் "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்று கேட்பார். பிள்ளை படிக்கிற பிரிவைச் சொல்லி நீங்கள் பேச்சைத் தொடங்குங்கள்.

கம்ப்யூட்டர் சயன்ஸ், ஐ.டி. பிரிவுக்கு நடுத்தர பிராசசர், 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தால் 4 வருஷம் ஓட்டிவிடலாம். 8 ஜி.பி. ராம்தான் கைக்கு எட்டுகிறது என்றால், "பின்னாடி ராம் கூட்ட இடம் இருக்கா?" என்று கேளுங்கள். சில மாடல்களில் ராமை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள். பிறகு கூட்டவே முடியாது!

மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். முப்பரிமாணப் படம் வரைகிற சாலிட்வொர்க்ஸ் விண்டோசில் மட்டும்தான் ஓடும். "ஆப்பிள் வாங்கினால் கவுரவம்" என்று லட்ச ரூபாய் கொட்டிவிட்டு லேப் கம்ப்யூட்டருக்காக வரிசையில் நிற்பதில் என்ன கவுரவம்? தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் பெரிய படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது திணறாது. குரோம்புக் மலிவுதான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது.

எடையையும் பாருங்கள். கேம் விளையாடுகிற லேப்டாப் இரண்டு, இரண்டரை கிலோ வரும். சார்ஜர் தனி. காலை நேர மின்சார ரெயில் கூட்டத்தில் அதைச் சுமப்பது பிள்ளையின் தோள்!

சாப்ட்வேருக்குக் காசு கொடுக்காதீர்கள்

"ஆட்டோகேட் போட்டுத் தர்றேன், தனியா பணம் கொடுங்க" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆட்டோகேட்டை அதன் கம்பெனியே மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. ஆன்சிசுக்கும் இலவச மாணவர் பதிப்பு உண்டு. திருட்டு காப்பியோடு வைரசும் சேர்ந்து வரும்.

பழசு வாங்கலாமா?

எழும்பூரில் ரெயில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனால் பழைய லேப்டாப் பாதி விலைக்கும் கிடைக்கும். வாங்கலாம். ஆனால் ஒரு விஷயம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமானால், இன்டெல் சிப்பில் பொதுவாக 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது இருக்க வேண்டும். "ஐ-5 சார், ஐ-5!" என்று கூவுவதைக் கேட்டு மயங்காதீர்கள். "எத்தனாவது தலைமுறைப்பா?" என்று கேளுங்கள். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அங்கேயே போட்டுப் பாருங்கள்.

கடற்கரைக்காரர்கள் கவனிக்க!

வீட்டிலிருந்தே படிக்கிற பிள்ளைக்கு டெஸ்க்டாப் நல்லதுதான். அதே பணத்துக்கு வேகம் அதிகம். ரிப்பேரும் சுலபம். ஆனால் யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும். 2022 டிசம்பர் 9-ந்தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் பேட்டரி உள்ள லேப்டாப்பே கை கொடுக்கும்.

உப்புக்காற்று கடற்கரைக் கோவிலின் கல்லையே அரிக்கிறது. கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? கடலைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் போய்க் கெட்டால் சாதாரண வாரண்டி பொதுவாக உதவாது.

பணத்துக்கு வழி

ஜி.எஸ்.டி. ரோட்டில் வாங்கினாலும் வேறு ரோட்டில் வாங்கினாலும் ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். ரூ.50 ஆயிரம் அடக்கவிலை என்றால் வரி மட்டும் ரூ.9 ஆயிரம். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பார்கள். வேண்டாம்! ரிப்பேர் என்று போய் நிற்கும்போது பில்தான் பேசும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. படிப்புக்குக் கம்ப்யூட்டர் தேவை என்றால், நியாயமான விலைக்கு அதையும் வங்கிக் கல்விக் கடனில் சேர்க்கலாம். வங்கிகள் சங்கத்தின் கல்விக் கடன் திட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. கடனுக்கு மனுப்போடும்போதே செலவுப் பட்டியலில் எழுதிக் கொடுங்கள். படிக்கிற காலம் முடிந்த பிறகு தவணை கட்டலாம். கழுத்துச் சங்கிலியைக் கழற்றுவதற்கு முன் வங்கி மேனேஜரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மாமல்லபுரத்துச் சிற்பிகள் கல்லைப் பார்த்த பிறகுதான் உளியை எடுப்பார்கள். உங்கள் பிள்ளையும் பாடத்தைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை எடுக்கட்டும்!