கூடைப்பந்து ஆட்டமும் கணுக்கால் சுளுக்கும்

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட குந்தாரப்பள்ளி போன்ற ஊர்களில் ஆலைப் பணிக்குச் செல்வோர் பலர். ஷிப்டு முடிந்தபின் நண்பர்களுடன் கூடைப்பந்து ஆடும் வழக்கம் உங்களுக்கு இருப்பின், முதலில் காக்க வேண்டியது கணுக்காலையே. எம்பிக் குதித்து இறங்குகையில் பிறர் பாதத்தின்மேல் கால் பட்டால், பாதம் உட்புறமாக மடங்கும். வெளிப்புறத்தில் எலும்புகளை இணைக்கும் நார் இழுபடும், சில வேளை கிழியும். இதுவே சுளுக்கு.

ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடங்கள் ஒற்றடம் கொடுத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வைக்க வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவி விடுவது நம் வீடுகளில் பழக்கம், அன்பினால் செய்யப்படுவதே. ஆயினும் முதல் 2, 3 நாட்களில் அது வீக்கத்தை மிகுவிக்கும். எலும்பு முறிந்திருப்பின் கேடு பெரிது. அடிபட்டவரால் 4 அடி நடக்க இயலாவிடினும், கணுக்கால் எலும்பை அழுத்தும்போது வலித்தாலும், தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரே தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

வலி குறைந்த உடனே களமிறங்குவதுதான் பலர் செய்யும் பிழை. நார் ஆறுவதற்கு வாரங்கள் ஆகும். சுவரருகே ஒற்றைக் காலில் 30 விநாடிகள் நிற்கப் பழகுங்கள். அது எளிதானபின், அவ்வாறே நின்று பந்தைச் சுவரில் எறிந்து பிடியுங்கள். அடிபட்ட காலால் மட்டும் வலியின்றித் துள்ள முடிந்த பிறகே ஆட்டம். குதித்து இறங்கும்போது நிலைதடுமாறாமல் நிற்கவும் இப்பயிற்சி உதவும்; உங்கள் ஆட்டத்திற்கும் அது நல்லதே. ஐயம் இருப்பின் 104 என்ற எண்ணை அழைக்கலாம்.