ஊர்வலத்துள் ஒரு தகப்பன்

வெனிஸ் நகரின் அக்கடெமியா ஓவியக்கூடத்தில் ஏழு மீற்றருக்கும் அதிக அகலமான ஓவியமொன்று உண்டு. ஜென்டிலே பெலினி 1496இல் வரைந்த 'சான் மார்க்கோ சதுக்கத்தில் ஊர்வலம்'. இதனை அக்கால வெனிஸின் நேரடிச் சாட்சியமாகக் கொள்வது வழக்கம். அது பாதி உண்மைதான். தேவாலய முகப்பிலிருந்த 13ஆம் நூற்றாண்டு மொசைக்குகளில் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே. மற்றவை எப்படி இருந்தன என அறிய ஆய்வாளர்கள் இந்த ஓவியத்திடமே வருகிறார்கள். ஆனால், அரசமாளிகை மறைந்துவிடாதபடி மணிக்கோபுரத்தை வலப்புறம் நகர்த்தி வைத்தவரும் இதே பெலினிதான். ஆக, சாட்சி எதைக் காட்ட விரும்புகிறது என்பதையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஊர்வலத்தில் யார் எங்கே நடப்பது என்பது தற்செயலல்ல. முன்னணியில், வெள்ளை அங்கிகளோடு, புனித சிலுவையின் துண்டெனக் கருதப்பட்ட பொருளை விதானத்தின் கீழ் கொண்டு செல்பவர்கள் சான் ஜியோவானி எவாஞ்செலிஸ்தா சபையினர். ஓவியத்தை வரைவித்தவர்களும் அவர்களே. 1297இன் பின் வெனிஸின் பெருமன்றம் படிப்படியாகப் பிரபுக் குடும்பங்களின் தனியுடைமையாயிற்று. ஆட்சியில் இடமற்ற வசதிபடைத்த குடிமக்கள் பதவியும் மதிப்பும் பெறக்கூடிய களங்களாக இத்தகைய சபைகள் இருந்தன. ஆட்சித் தலைவரான டோஜ் வலப்பக்கம் தொலைவில் சிறிதாகத் தெரிய, சபையினர் எம் கண்ணெதிரே நடப்பதற்கான காரணத்தை நான் இங்கேதான் காண்கிறேன்.

ஓவியத்தின் கதை வேறொருவருடையது. 1444 ஏப்ரல் 25, புனித மாற்கு திருநாளில், பிரேசியா நகர வணிகர் யாக்கோப்போ தெ சாலிஸ் ஊர்வலத்தின்போது மண்டியிட்டார். மண்டையோடு உடைந்திருந்த அவரது மகன் பின்னர் குணமடைந்தான் என்பது சபையின் பதிவு. அந்தத் தகப்பனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்: விதானத்துக்குச் சற்று வலப்புறம், வெள்ளை அங்கிகளின் இடைவெளியில், சிவப்பு உடையில் மண்டியிட்ட உருவம். ஊர்வலம் அவருக்காக நிற்கவில்லை.

அற்புதத்தைப் பெரிதுபடுத்தாமல் அன்றாடத்துள் வைப்பதே அதனை நம்பவைக்கும் உத்தி என ஒரு வாசிப்பு உண்டு. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த உத்தியால் நன்மை பெறுவது யார்? தம் திருப்பொருளின் வல்லமைக்கு அத்தாட்சியாகச் சபைக்கு அவரது துயர் தேவைப்பட்டது. அவருக்குக் கிடைத்ததோ ஓர் இடைவெளி. அமைப்புகள் தனிமனிதத் துயரைச் சுமந்து செல்லும்போதெல்லாம் இந்தக் கணக்கை நாம் கேட்டாக வேண்டும், அமைப்பு எமதாக இருக்கும்போதும்.