செல்லூர்ச் சாயப்பட்டறைகளும் கொதிகலன் புகைத் தூய்மையாக்கமும்

மதுரையில் வைகையின் வடகரையில் அமைந்த செல்லூர், நெசவால் வளர்ந்த பகுதி. நூலுக்குச் சாயமேற்ற வெந்நீரோ நீராவியோ இன்றியமையாதது. சிறு பட்டறைகளில் சாயத்தொட்டியின் அடியிலேயே விறகு எரிக்கப்படுவதுண்டு. சற்றுப் பெரியவற்றில் கொதிகலன் நீராவியைத் தருகிறது. வீடுகள் நெருங்கிய இத்தகைய பகுதியில் கொதிகலன் புகையைத் தூய்மையாக்கும் முறைகளையும், அவற்றுக்கு நீரோடுள்ள தொடர்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

புகை என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் அடங்கியுள்ளன: சாம்பலும் கரியுமாகிய துகள்கள், நீராவி, கண்ணுக்குப் புலப்படாத வளிகள். கருமை கரித்துகளால் வருவது; வெண்மை பெரும்பாலும் நீர்த்திவலைகளால் தோன்றுவது; நச்சுத்தன்மை மிக்க கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமே இல்லை. எனவே நிறங்கொண்டு தூய்மையை மதிப்பிட இயலாது. விறகில் கந்தகம் மிகக் குறைவு. அதனை எரிக்கும் உலையில் துகள்களும் கார்பன் மோனாக்சைடுமே முதன்மைச் சிக்கல்கள். ஈர விறகும் காற்றுக் குறைவும் இவ்விரண்டையும் பெருக்குகின்றன. ஆகவே தூய்மையாக்கம் புகைபோக்கியில் அன்று, உலைவாயிலிலேயே தொடங்குகிறது.

சிறு கொதிகலன்களுக்கு மலிவான கருவி சுழற்பிரிப்பான். தொழிலாளர் வழக்கில் 'சைக்ளோன்'. கூம்பு வடிவக் கலத்துள் புகை சுழலும்போது கனத்த துகள்கள் சுவரில் மோதிக் கீழே விழுகின்றன. 10 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றை அது நன்கு பிடிக்கும். நுரையீரலின் ஆழத்தை அடையும் நுண்துகள்களில் பெரும்பகுதி தப்பிவிடும். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் பொது வரம்பு இங்கே கருதத்தக்கது. மணிக்கு 2 டன்னுக்குக் குறைவாக நீராவி தரும் கொதிகலன் ஒரு கன மீட்டர் புகையில் 1200 மில்லிகிராம் துகள் வெளியிடலாம். 15 டன்னும் அதற்கு மேலும் தருவதற்கு 150 மட்டுமே. சிறு முதலீட்டாளரின் இயலாமையைக் கருதிய சலுகை எனலாம். ஆயினும் குடியிருப்புக்கு மிக அண்மையில் நிற்பது சிறு கொதிகலனே.

நீரைத் தெளித்துப் புகையைக் கழுவும் ஈரக் கழுவி, துகளோடு கரையும் வளிகளையும் ஈர்க்கும். ஆனால் காற்றிலிருந்து நீங்கியது நீருக்குள் சேர்கிறது. 1933இல் இயங்கத் தொடங்கிய இலண்டன் பேட்டர்சீ மின்நிலையம் தேம்சு ஆற்று நீரால் புகையைக் கழுவியது. கழிவுநீர் மீண்டும் ஆற்றுக்கே சென்றது. குளிர்ந்த புகையும் மேலெழும் ஆற்றலை இழந்து அருகிலேயே தாழ்ந்தது. செல்லூரில் இது தொலைவான செய்தி அன்று. செல்லூர்க் கண்மாயின் நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகையை அடைகிறது. சாயக்கழிவும் நகரக் கழிவுநீரும் ஏற்கெனவே நலித்த வழி அது.

காரத்தன்மை மிக்க சாயக்கழிவு நீருக்குள் கொதிகலன் புகையைச் செலுத்தும் முறையும் உண்டு. புகையிலுள்ள கார்பன் டைஆக்சைடு நீரில் கரைந்து காரத்தைத் தணிக்கிறது. தனியே அமிலம் வாங்கும் செலவு குறைகிறது. ஆனால் உப்பு நீங்குவதில்லை. உப்பை நீக்கும் முயற்சி எங்கே கொண்டுசெல்லும் என்பதைத் திருப்பூர் காட்டியது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூட ஆணையிட்டது; கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத முறை அங்கே கட்டாயம். அம்முறையில் இறுதியில் எஞ்சும் உப்புநீரை ஆவியாக்க நீராவி வேண்டும். நீராவிக்கு மீண்டும் எரிபொருள். நீரைக் காக்கப் புதிய புகை எழுகிறது.

செல்லூர் போன்ற இடத்திற்கு உலர்முறையே ஏற்றது எனலாம். சுழற்பிரிப்பானை அடுத்துத் துணிப்பை வடிகட்டி அமைத்தால், நுண்துகள்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் உலர்சாம்பலாகவே கைக்கு வரும். பாலியெஸ்டர்ப் பை ஏறத்தாழ 135 பாகை செல்சியசு வெப்பத்தையே தாங்கும். அதற்குள் புகையைக் குளிர்விக்க வேண்டும். மிகக் குளிர்ந்தாலோ ஈரம் படிந்து பை அடைபடும். விறகுப்பொறி பறந்து பையைச் சுடும் ஆபத்தும் உண்டு; முன்னே நிற்கும் சுழற்பிரிப்பான் பொறிகளில் பெரியவற்றையேனும் தடுத்துவிடுகிறது.