வெல்டிங் வெளிச்சம்: பகலில் பட்டது ராத்திரியில் ஏன் வலிக்கிறது?

பகல் முழுக்கப் பட்டறையில் வேலை பார்த்தபோது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரவு சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தல். தண்ணீர் கொட்டும். டியூப் லைட் வெளிச்சத்தைக்கூடத் தாங்க முடியாது. வெல்டிங் வேலை செய்பவர்கள் பலர் அனுபவித்திருக்கும் வேதனை இது. பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற உதவியாளருக்கும், கேட்டுக்கு வெல்டிங் வைப்பதை வேடிக்கை பார்த்த பிள்ளைக்கும்கூட வரலாம்.

‘கண்ணில் சூடு பிடித்துவிட்டது’ என்பார்கள் வீட்டில். காரணம் சூடு அல்ல. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள். மருத்துவர்கள் இதை ‘ஃபோட்டோகெரடைட்டிஸ்’ என்கிறார்கள்.

தாமதம் ஏன்?

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருப்பது கார்னியா எனும் கருவிழிப் படலம். நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். அதன் மேல்தோல் ஐந்தாறு அடுக்குச் செல்களால் ஆனது. வெல்டிங் ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை இந்தப் படலமே வாங்கிக்கொள்கிறது.

கதிர் பட்ட செல்கள் அந்த நொடியே உதிர்வதில்லை. அவற்றின் டி.என்.ஏ. சிதைந்து, மெல்ல மெல்லச் செத்து, பிறகுதான் உதிர்கின்றன. அப்போது அடியில் இருக்கும் நரம்பு நுனிகள் பாதுகாப்பின்றி வெளிப்படுகின்றன. உடம்பிலேயே நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக உள்ள இடம் கருவிழி. அதனால்தான் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்து அத்தனை வலி.

‘ஒரே ஒரு பொட்டு வைக்கத்தானே’ என்று கவசம் இல்லாமல் வேலை செய்வார்கள் பலர். ஒரே நாளில் கண்ணில் பட்ட கதிர் அத்தனையும் சேர்ந்துதான் கணக்கு. பத்துப் பொட்டு வைத்தால் பத்தும் கூடும்.

பனியிலும் இதே ஆபத்து

மணாலி, லடாக் போன்ற பனிப்பிரதேசங்களிலும் இந்தப் பாதிப்பு வரும். காய்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிர்களில் சுமார் 15 சதவிகிதத்தைத்தான் திருப்பி அனுப்பும். புதுப்பனியோ 80 சதவிகிதம் வரை திருப்பி அனுப்பும். துருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்கள், எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீறல் மட்டும் விட்டுச் செய்த கண்கவசத்தைப் பல நூறு ஆண்டுகளாக அணிந்துவந்தது இதற்காகத்தான்.

வலி வந்தால்...

கருவிழியின் மேல்தோல் வேகமாக வளரக்கூடியது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் மூன்று நாளில் குணமாகிவிடும். ஆனால், அதற்குள் செய்கிற கைவைத்தியம்தான் பல நேரம் பெரிய ஆபத்து.

* கண்ணைக் கசக்க வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.
* தாய்ப்பால் விட வேண்டாம். மேல்தோல் உதிர்ந்த இடத்தில் கிருமி எளிதாகத் தொற்றும்.
* மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கிப் போடவே கூடாது. வலி போகும், ஆனால், புண் ஆறுவது தடைப்பட்டு, பார்வையே பறிபோகும் அளவுக்குப் புண் ஆழமாகலாம். மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் வேண்டாம்.
* மூடிய இமைமேல் சுத்தமான ஈரத்துணியை வைத்து, இருட்டறையில் ஓய்வெடுங்கள். காலையில் கண் மருத்துவரைப் பாருங்கள்.
* ஒரு கண்ணில் மட்டும் வலி, பார்வை மங்கல், இரும்புத் துகள் தெறித்த சந்தேகம் ஆகியவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கவசம் யாருக்கு?

சாதாரண கூலிங் கிளாஸ் வெல்டிங்குக்குப் போதாது. பக்கவாட்டிலிருந்தும் கதிர் நுழையும். வெல்டிங்குக்கென்றே உள்ள கண்ணாடி பொருத்திய முகக்கவசம்தான் பாதுகாப்பு. பல பட்டறைகளில் கவசம் ஒன்று, ஆள் இரண்டு. ராடு பிடிப்பவர் முகத்தை மறைத்துக்கொள்வார். கம்பி பிடிப்பவர் தலையை மட்டும் திருப்பிக்கொள்வார். அவர் கண்ணுக்கும் அதே கருவிழிதான். இரண்டு பேர் வேலை செய்கிற இடத்தில் இரண்டு கவசம் இருக்க வேண்டும்.