படம் நேற்றிரவே வந்து இறங்கிவிட்டது

நெட்ஃபிளிக்ஸில் நீங்கள் இன்றிரவு பார்க்கப்போகும் படம் அநேகமாக உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, இணையச் சேவை நிறுவனத்தின் சர்வர் அறையில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும்.

2007-இல் இணையவழி படம் காட்டத் தொடங்கியபோது நெட்ஃபிளிக்ஸ் ஆகமாய் போன்ற நிறுவனங்களின் சர்வர்களைத்தான் நம்பியிருந்தது. கூட்டம் பெருகவே, 2011-இல் ‘ஓப்பன் கனெக்ட்’ என்ற பெயரில் சொந்த ஏற்பாட்டில் இறங்கியது. இணையச் சேவை நிறுவனங்களுக்குத் தன் சர்வர் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்துவிடும். இடம், மின்சாரம், இணைப்பு அவர்கள் பொறுப்பு. தட்டையான பெட்டி, உள்ளே ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம். கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது.

சாமர்த்தியம் எல்லாம் அதை நிரப்புவதில்தான். ஒரே படம் பல தரங்களில் பல கோப்புகளாகக் கிடக்கும். எல்லாவற்றையும் எல்லாப் பெட்டியிலும் அடைக்க முடியாது. எனவே நாளைக்கு இந்தப் பகுதியில் எது ஓடும் என்று கணித்து, தீபாவளிக்கு முன்பே கடையில் சரக்கு இறக்குவதுபோல, ஊர் உறங்கும் நேரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். ஒரு பெட்டி வெளியிலிருந்து இறக்கிக்கொண்டால் போதும், பக்கத்துப் பெட்டிகள் அதனிடமிருந்து நகலெடுத்துக்கொள்ளும். மாலை நெரிசலில் நீண்டதூரக் கேபிள்கள் தப்பிப்பது இதனால்தான்.

நீங்கள் ‘பிளே’ அழுத்தும்போது கணக்கு, அனுமதி போன்றவற்றை அமேசானின் கிளவுடில் ஓடும் மென்பொருள் சரிபார்த்து, எந்தெந்தப் பெட்டியில் கேட்கலாம் என்று சில முகவரிகளைக் கொடுக்கிறது. ஒன்று மக்கர் செய்தால் செயலி அடுத்ததற்குத் தாவும். படம் சில நொடித் துண்டுகளாக வரும்; லைன் திணறினால் அடுத்த துண்டு குறைந்த தரத்தில் கேட்கப்படும். முகங்கள் திடீரென்று கலங்கித் தெரிவதன் காரணம் இது. சுற்றிச் சுற்றி வரும் வட்டத்தைவிட அந்தக் கலங்கல் எவ்வளவோ மேல்.

பெட்டி இலவசம் என்றாலும் எல்லோரும் வாங்கிக்கொள்வதில்லை. அமெரிக்காவின் காம்காஸ்ட் மறுத்தது. 2014-இல் நெட்ஃபிளிக்ஸே காசு கொடுத்து அதன் வலையோடு நேரடி இணைப்பு பெற்றது. தென்கொரியாவில் எஸ்கே பிராட்பேண்ட், உங்கள் படங்கள் எங்கள் வலையில் ஓடுவதற்குக் கட்டணம் தாருங்கள் என்று கேட்க, விவகாரம் 2020-இல் நீதிமன்றம் ஏறியது. எங்கள் சந்தாதாரர் ஏற்கெனவே உங்களுக்குக் காசு கட்டித்தானே கேட்கிறார் என்பது நெட்ஃபிளிக்ஸ் தரப்பு. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஆனால் இறுதித் தீர்ப்பு எந்தப் பக்கம் நிற்கும் என்பது முடிவாகும் முன், 2023 செப்டம்பரில் இருவரும் வழக்குகளைக் கைவிட்டு வியாபாரக் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள்.